ரோபோ ஆபரேஷனுக்குப் பிறகு எங்கே தங்குவது: கோவையா, சேலமா, ஏற்காடா?

கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய், நல்லவேளையாக ஆரம்ப நிலை, ரோபோ ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் பேச்சு முழுக்க ஆபரேஷனைப் பற்றியே இருக்கும். எந்த டாக்டர், எவ்வளவு செலவு, இன்சூரன்ஸ் எவ்வளவு தரும். எங்கே தங்கித் தேறுவது என்ற கேள்வி பெரும்பாலும் டிஸ்சார்ஜ் பில் கட்டும் வரிசையில்தான் எழும். அங்கே யாராவது ஒருவர், "பேசாம ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க, நல்ல காத்து, தொந்தரவு இருக்காது" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது கோவையில். அவர் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில், என் வீடு அங்கேயே அஸ்தம்பட்டியில். தம்பிக்கு ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் உள்ள நிலத்தோடு ஒரு வீடு. ஆக, கோவையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுப்பது, அவர் வீடு, என் வீடு, மலை என்று நான்கு வழிகள். சேலத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் ஏறக்குறைய இதே தேர்வுகள்தான் இருக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் சில நாள் கோவை, அடுத்த சில வாரம் சேலத்தில் அவருடைய சொந்த வீடு அல்லாத ஒரு வீடு, ஏற்காடு ஆறு வாரச் செக்கப்புக்கு அப்புறம்.

ஏன் இப்படி என்பதற்கு முதலில் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். ரோபோ தானாக எதையும் அறுப்பதில்லை. டாக்டர் பக்கத்தில் ஒரு கன்சோலில் உட்கார்ந்து அதன் கைகளை ஓட்டுகிறார். வயிற்றில் தொப்புளையொட்டியோ கொஞ்சம் மேலேயோ நான்கைந்து துளைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். கர்ப்பப்பை, அதன் வாய், இரண்டு குழாய்கள், பெரும்பாலும் சினைப்பைகள் எல்லாவற்றையும் விடுவித்துப் பெண்ணுறுப்பு வழியாக வெளியே எடுப்பார்கள். பச்சை நிறத்தில் ஒளிரும் ஒரு சாயத்தை ஏற்றி, புற்று பரவினால் முதலில் போய்ச் சேரக்கூடிய நிணநீர்க் கணுக்களை மட்டும் தேடி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதும் இப்போது வழக்கம். எல்லாம் முடிந்ததும் பெண்ணுறுப்பின் மேல்முனையை மூடித் தைப்பார்கள்.

அந்த உள் தையல்தான் இந்தக் கட்டுரையின் மையம். வெளித்துளைகள் பத்து நாளில் காய்ந்துவிடும். உள்ளே இருப்பது தானாகக் கரையும் நூல். அந்த இடம் பலப்பட வாரக்கணக்கில் ஆகும். அபூர்வம்தான் என்றாலும் அது பிரிந்துகொள்ளலாம், பிரிந்தால் அவசரம். வயிற்றைக் கிழித்துச் செய்யும் பழைய முறையைவிட லேப்ராஸ்கோப்பி (ரோபோ இல்லாமல் டாக்டரே துளை வழியாகக் கருவிகளை விட்டுச் செய்வது), ரோபோ முறைகளில் அதற்கான வாய்ப்பு சற்று அதிகம். அதனால்தான் ஆறு வாரத்துக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, தாம்பத்திய உறவு இரண்டு மூன்று மாதம் டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை கூடாது என்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், பத்தாம் நாள் அவருக்கு உடம்பு நன்றாக இருக்கும். வலி போயிருக்கும். சேலையைக் கட்டி நின்றால் ஆபரேஷன் ஆனவர் என்றே தெரியாது. பழைய முறையில் பெரிய தையலோடு வந்தவரை வீடே பயந்து பயந்து பார்த்துக்கொண்டது. ரோபோ ஆபரேஷன் ஆனவரிடம் இரண்டாம் வாரத்திலேயே "சின்ன ஓட்டைதானே" என்று சொல்லிவிடுகிறார்கள். தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால், அந்த இரண்டாம் வாரத்தில் அவரை வேலை செய்ய விடாத இடம் எது என்று தேடுவதுதான்.

இங்கே ஒரு சின்ன விலகல். துளை போட்டுச் செய்தால் புற்று பரவும் என்று ஒரு சொந்தக்காரர் போன் செய்து சொல்வார். அந்தப் பயம் வானத்திலிருந்து வந்ததில்லை. 2018-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அப்படி ஒரு முடிவைச் சொன்னது உண்மை. ஆனால் அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றியது. உட்சுவர்ப் புற்றுநோயின் ஆரம்ப நிலையில் லேப்ராஸ்கோப்பியும் வயிற்றைத் திறந்து செய்வதும் நோய் திரும்பாமல் இருப்பதில் சமம் என்று 2017-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங் சேர்ந்து நடத்திய லேஸ் ஆய்வு காட்டியது. சாதாரண லேப்ராஸ்கோப்பியைவிட ரோபோ நோயைக் கூடுதலாகக் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். உடல் எடை அதிகமுள்ளவர்களுக்கு நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டிய நிலை வருவதை அது குறைக்கிறது, அதுதான் பெரிய லாபம். இந்த நோய் வரும் பலருக்கும் எடையும் சர்க்கரையும் கூடவே இருப்பதால் அது சின்ன லாபமும் அல்ல. சரி, விஷயத்துக்கு வருவோம்.

கோவையில் சில நாள்

ரோபோ ஆபரேஷன் ஆனவரை ஓரிரு நாளில் அனுப்பிவிடுகிறார்கள். அன்றே காரில் ஏற்றிச் சேலம் வந்துவிடலாமா? வரலாம், பலர் வருகிறார்கள். ஏறத்தாழ 160 கிலோமீட்டர், பெருந்துறை, பவானி, சங்ககிரி வழியாக மூன்று மணி நேரம். சாலையும் மோசமில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரம் கால் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் கவலை. புற்றுநோய், இடுப்புப் பகுதி ஆபரேஷன், எடை மூன்றும் சேர்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். வருவதானால் மணிக்கொரு தரம் இறக்கி நடக்க விடுங்கள். சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை வையுங்கள். வேகத்தடையில் அதன் அருமை தெரியும்.

அறை எடுத்துத் தங்கினால் என்ன கிடைக்கிறது? முதல் நாட்களின் தொந்தரவுகளை ஆபரேஷன் செய்த குழுவே பார்க்கும். வயிற்றுக்குள் ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதால் தோள்பட்டையில் ஒரு வலி வரும். நெஞ்சுவலியோ என்று வீடு பதறும், இரண்டு மூன்று நாளில் தானே போய்விடும். யூரின் ட்யூபை எடுத்த பிறகு சிறுநீர் சரியாகப் போகிறதா, வாயு பிரிகிறதா, மலம் போகிறதா என்பதெல்லாம் இந்த நாட்களில்தான் தெரியவரும். குடலிலோ சிறுநீர்க் குழாயிலோ தெரியாமல் பட்ட காயமும் பெரும்பாலும் முதல் வாரம், பத்து நாளுக்குள் தலைகாட்டும். அதைக் கண்டுபிடிக்க, உள்ளே என்ன செய்தோம் என்று தெரிந்தவரைவிடச் சிறந்த ஆள் இல்லை.

என்ன போகிறது? பணம் போகிறது. அறை வாடகையை எந்த இன்சூரன்சும் தராது. சாப்பாடு ஹோட்டல் சாப்பாடாகிவிடும். துணைக்கு வந்தவருக்கு ஓய்வே இருக்காது. அதனால் முழு ஆறு வாரத்தையும் அங்கே கழிப்பது வீண் செலவு. முதல் முறை காயத்தைப் பார்க்கும் வரை இருந்துவிட்டுக் கிளம்பினால் போதும் என்பது என் எண்ணம். ஆபரேஷனே சேலத்தில் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

கிளம்பும்முன் ஒரு வேலை பாக்கி. டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். "ராத்திரியில ஏதாவது ஆச்சுன்னா சேலத்துல யாரைப் பார்க்கிறது?" என்று டாக்டரிடமே கேளுங்கள். ஒரு பெயரும் ஒரு நம்பரும் கையில் இருந்தால் போதும். பில்களைப் பத்திரமாக வையுங்கள், பல பாலிசிகள் டிஸ்சார்ஜுக்குப் பின்னான மருந்து, பரிசோதனைச் செலவை இரண்டு மாதம் வரை ஏற்கின்றன.

சேலத்தில் எந்த வீடு

எல்லோரும் சொந்த வீடுதான் வசதி என்பார்கள். வீட்டை நடத்துகிற பெண்ணுக்கு அந்த வீட்டில் ஓய்வு கிடையாது என்பதே நான் பார்த்தது. அக்கா முதல் மாடியில் இருக்கிறார், படி செங்குத்து. அதைக்கூட ஒத்துக்கொள்ளலாம், மெதுவாக, ஒரு நாளைக்கு ஓரிரு தரம் படி ஏறி இறங்குவதை டாக்டர்கள் தடுப்பதில்லை. ஆனால் தண்ணீர் வரும் நேரத்துக்கு மனது துடிக்கும். நிறைந்த குடம் பன்னிரண்டு பதினைந்து கிலோ. மாவு ஆட்டியதும் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவ வேண்டும். சிலிண்டர் வந்தால் உள்ளே உருட்ட வேண்டும், அதில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ. அரிசி நிறைந்த பெரிய குக்கரை அடுப்பிலிருந்து இறக்குவதே நாலைந்து கிலோவைத் தொட்டுவிடும். யாரும் செய்யச் சொல்ல மாட்டார்கள்தான். ஆனால் கணவர் குடத்தை வழிய வழியப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கச் செவ்வாய்ப்பேட்டையில் எந்தப் பெண்ணுக்கும் பொறுமை கிடையாது.

அடுத்தது விருந்தாளிகள். ஹார்லிக்சும் ஆப்பிளுமாக வருவார்கள், ஒரு மணி நேரம் உட்காருவார்கள், யார் யாருக்கெல்லாம் இந்த நோய் வந்து என்ன ஆனது என்று ஊர்க்கதை சொல்வார்கள். அக்கா கட்டிலை விட்டு எழுந்து சமையலறைக்குப் போய், சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று மாமாவுக்குக் காட்டி, அப்படியே பால் பாத்திரத்தையும் இறக்கிவைத்துவிட்டு வருவார். என் வீட்டில் இருந்தபோது சர்க்கரை டப்பா எங்கே என்று அவருக்குத் தெரியாது. அது பெரிய பாதுகாப்பு.

கழிவறையைப் பாருங்கள். பழைய வீடுகளில் இந்தியன் டாய்லெட்தான் இருக்கும். முதல் வாரங்களில் குந்தி எழுவதும் முக்குவதும் கஷ்டம். வெஸ்டர்ன் இல்லாவிட்டால் மேலே வைக்கும் கமோடு நாற்காலி சேலத்தில் சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். மலச்சிக்கல்தான் உள் தையலுக்கு முதல் எதிரி. ஆகவே "ஆபரேஷன் உடம்பு, தண்ணி அதிகம் குடிக்கக் கூடாது" என்ற பாட்டி காலத்துப் பத்தியத்தை வாசலோடு நிறுத்திவிடுங்கள். தண்ணீர், கீரை, பழம், டாக்டர் கொடுத்த மலமிளக்கி எல்லாம் வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு ஹார்லிக்ஸ் வேண்டாம். சர்க்கரை ஏறினால் புண் ஆறுவது தள்ளிப்போகும்.

சேலத்தின் குறை வெயில். ஏப்ரல், மே மாதங்களில் ஆபரேஷன் என்றால் இதை லேசாக எடுக்க முடியாது. ரத்தம் உறையாமல் இருக்கக் காலில் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போடச் சொல்லியிருப்பார்கள். மாதவிடாய் இன்னும் நிற்காத வயதில் சினைப்பைகளையும் எடுத்திருந்தால் திடீர் திடீரென்று உடம்பு தகித்து வியர்க்கும். இரண்டோடும் சேலத்து மே மாதம் சேர்ந்தால் தூக்கம் போய்விடும். ஏசி உள்ள ஓர் அறை இருந்தால் அதை அவருக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

நிறை, உதவி பக்கத்திலேயே இருப்பது. ரத்தம் உறையாமல் இருக்க ஊசி எழுதியிருந்தால், சிலருக்கு அது நான்கு வாரம் வரை போகும், தினமும் போட்டுவிடத் தெருவிலேயே ஒரு நர்ஸ் கிடைப்பார். ராத்திரி என்றால் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. சமதரையில் நடக்கவும் முடியும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு நடைதான் முக்கியமான மருந்து. என் வீட்டு வராந்தாவில் அக்கா காலையும் மாலையும் ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி நடப்பார். முதலில் சுவரைத் தொட்டுக்கொண்டு, பிறகு தொடாமல்.

மலை

ஏற்காட்டை நான் குறைத்துப் பேசவில்லை. 1,500 மீட்டர் உயரம், மே மாதத்திலும் ஃபேன் தேவைப்படாத ராத்திரி. தகிக்கும் உடம்புக்கும் ஸ்டாக்கிங்ஸ் காலுக்கும் அது சொர்க்கம். இன்னொரு பெரிய நன்மை, விருந்தாளிகள் வர மாட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஆப்பிள் கொண்டுவர யாருக்கும் அவ்வளவு பாசம் இல்லை.

அதே இருபது வளைவுகள்தான் ஏற்காட்டுக்கு எதிரான என் வாதமும். காரில் ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் சாயும், அதைப் பிடித்து நிறுத்துவது வயிற்றுத் தசை. மலை ஏறினாலே குமட்டுபவர்கள் உண்டு, ஆபரேஷன் வயிற்றோடு வாந்தி எடுப்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் தரை சமமாக இருப்பதில்லை. தம்பி வீட்டு வாசலிலிருந்து ரோட்டுக்கு வரவே பாசி பிடித்த படிகள். நடக்க நல்ல ஊர் என்று பெயர், ஆனால் மூன்றாம் வாரத்தில் இருப்பவர் நடக்க அங்கே ஐம்பது அடி சமதளம் தேட வேண்டும். மார்கழிப் பனியில் இருமல் பிடித்தால் ஒவ்வொரு இருமலுக்கும் தலையணையை வயிற்றில் அணைக்க வேண்டும்.

இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது அவசரம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனையும்படி ரத்தம், 100.4 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், நிற்காத வாந்தியோடு வயிறு உப்புவது, சிறுநீர் போகாமலிருப்பது அல்லது தன்னையறியாமல் கசிந்துகொண்டே இருப்பது, பெண்ணுறுப்பிலிருந்து திடீரென்று நீராகக் கொட்டுவது, கீழே ஏதோ இறங்கியது போலிருப்பது. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் தையல் கரையும்போது கொஞ்சம் பழுப்பாகவோ லேசான சிவப்பாகவோ படுவது வேறு, அது இயல்பு. ஏற்காட்டில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் ஸ்கேன் பார்த்து ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் நிலை என்றால் கீழே இறங்கியாக வேண்டும். நாகலூரிலிருந்து நடுராத்திரி மூடுபனியில் இறங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தம்பியால் சொல்ல முடியவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மே மாதக் கோடை விழா சமயத்தில் மண் சரிய வேண்டியதே இல்லை, வண்டிகளே போதும்.

பயாப்சி ரிப்போர்ட்

தங்கும் இடத்தைப் பேசும்போது எல்லோரும் மறப்பது இதைத்தான். ஆபரேஷனோடு சிகிச்சை முடிந்ததா இல்லையா என்பது எடுத்த கர்ப்பப்பையைச் சோதித்த ரிப்போர்ட் வந்தால்தான் தெரியும். ஒன்று இரண்டு வாரம் ஆகும். தசைச் சுவரில் பாதிக்குக் குறைவாகவே இறங்கியிருக்கிறது, செல்கள் சாதுவான ரகம், கணுக்களில் ஒன்றுமில்லை என்றால் பெரும்பாலும் இனிச் செக்கப் மட்டும்தான். கொஞ்சம் ஆழமாக இறங்கியிருந்தால் உள்வைப்புக் கதிர்வீச்சு, அதாவது பெண்ணுறுப்புக்குள் சின்னக் கருவியை வைத்து உள்ளிருந்தே கொடுப்பது, சொல்லலாம். சில அமர்வுகள், ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம், போய்விட்டு வந்துவிடலாம். நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான போர்ட்டெக்-2 ஆய்வுக்குப் பிறகு, இந்த இடைநிலை ஆபத்து உள்ளவர்களில் பலருக்கு இடுப்பு முழுக்கக் கொடுக்கும் வெளிக் கதிர்வீச்சுக்குப் பதில் இதுவே போதும் என்றானது. இன்னும் கூடுதல் ஆபத்து என்றால் வெளிக் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாள், ஏறக்குறைய ஐந்து வாரம். கீமோவும் சேரலாம். பொதுவாக உள் தையல் ஆறியதும், அதாவது ஆறு எட்டு வாரத்தை ஒட்டித் தொடங்குவார்கள்.

மலையிலிருந்து தினமும் இறங்கி ஏறி வெளிக் கதிர்வீச்சு எடுப்பது நடக்காத காரியம். வயிற்றுப்போக்கும் அவசரமாகச் சிறுநீர் வருவதும் அதன் சாதாரணப் பக்கவிளைவுகள், அதோடு மலைப்பாதை வேண்டாம். ஆகவே ரிப்போர்ட் வராமல் ஆறு வாரத்துக்கு மலை வீட்டுக்கு மூட்டை கட்டுவது அவசரப்பட்ட முடிவு. ரிப்போர்ட் நல்லபடியாக வந்து, ஆறு வாரச் செக்கப்பில் டாக்டர் உள்ளே பார்த்து ஆறிவிட்டது என்று சொன்ன பிறகு தாராளமாகப் போகலாம். வார நாளில், காலையில், அதிகம் சாப்பிடாமல் கிளம்புங்கள். அக்காவும் அப்படித்தான் போனார். அங்கிருந்தபடியே மூன்று முதல் ஆறு மாதத்துக்கொரு செக்கப்புக்கு இறங்கி வருவது கஷ்டமில்லை. நடுவில் எப்போது ரத்தம் பட்டாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் வந்துவிட வேண்டும். கர்ப்பப்பை இல்லாதவருக்கு ரத்தம் பட இயல்பான காரணம் எதுவும் கிடையாது.

மலையே சொந்த ஊர் என்றால்? நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம் பக்கம் இருப்பவர்களிடம் சேலத்தில் வீடு எடுங்கள் என்று சொல்வது சுலபம். கீழே சொந்தம் யாராவது இருந்தால் முதல் இரண்டு வாரத்தை அங்கே கழித்துவிட்டு, ரிப்போர்ட்டோடு ஏறுங்கள். அதற்கும் வழியில்லை என்றால், ராத்திரியிலும் எடுக்கக்கூடிய ஒரு வண்டியையும் ஓட்டுபவரையும் முன்கூட்டியே பேசிவைத்துவிடுங்கள். வீட்டில் எந்த இடத்தில் செல்போன் சிக்னல் கிடைக்கிறதோ அந்த அறையில் கட்டிலைப் போடுங்கள். ஊசி போட வேண்டியிருந்தால் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியிலேயே நர்சிடம் கற்றுக்கொண்டு ஏறுவது நல்லது. தோல் மடிப்பைப் பிடித்துப் போடும் சின்ன ஊசிதான், ஒரு முறை பார்த்தால் பிடிபட்டுவிடும். 108-க்கு வழி சொல்ல எந்த வளைவு, எந்த எஸ்டேட் கேட் என்பதை எழுதிக் கதவில் ஒட்டுங்கள், அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது பள்ளிக்கூடப் பிள்ளையாகக்கூட இருக்கலாம்.